சத்தம் போடாத பல்செட்

தை மாதம், ஒரு திங்கட்கிழமை, மதியம் ஒன்று பத்துக்கு, ஆவுடைநாயகத்தின் கீழ்ப்பல்செட் அவர் மனைவியின் தயிர்சாதத்தில் விழுந்தது.

பல்செட்டுக்குச் சேதமில்லை. தயிர்சாதத்துக்கும் பெரிய சேதமில்லை. அவர் செட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் குழாயடிக்குப் போய், கழுவி மாட்டிக்கொண்டு திரும்ப இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷத்தில் சண்முகசுந்தரி சுவரோடு சுவராக ஒண்டிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "யாரது, யாரது" என்று கேட்டபடி இருந்தாள். நாற்பத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தவள்.

சர்க்கரை அவள் கண்ணை முக்கால்வாசி எடுத்துவிட்டிருந்தது. ஆள் நிற்பது தெரியும், எந்த ஆள் என்று தெரியாது. மிச்சத்தை மறதி எடுத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் இருக்கும் மகளை மறந்தாள். பிறந்த ஊர் சிவகிரியை மறந்தாள். போன தீபாவளிக்கு மேல் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து வாசலைப் பார்த்தாள். எல்லோரையும் விட்டுவிட்டு ஒரே ஒரு ஆளை மட்டும் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தாள். அவள் வாயில் அந்த ஆளுக்குப் பெயர் கிடையாது. 'அவிய'. அவ்வளவுதான். அவிய ஊட்டினால் சாப்பிடுவாள். வேறு யார் ஊட்டினாலும் இரண்டு வாய். மூன்றாவது வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

அந்த அவிய கையில்தான் அன்றைக்குப் பல்செட் இருந்தது.

ஆவுடைநாயகத்துக்கு நாற்பத்தெட்டு வயதில் ஈறு நோய் வந்து மொத்தப் பல்லையும் எடுத்தாகிவிட்டது. இருபத்துநாலு வருஷமாகக் கழற்றி மாட்டுகிற செட்தான். செட் போட்டவர்களுக்கு ஒரு சங்கதியை யாரும் முதலில் சொல்வதில்லை. பல் வேர் இருக்கும்வரைதான் தாடை எலும்புக்கு வேலை. வேலை இல்லையென்றால் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துவிடும், குளியலறைச் சோப்பு மாதிரி. எலும்பு கரையக் கரைய ஈறு தட்டையாகும். தட்டை ஈறில் கீழ்ச்செட் நிற்காது. குளத்தில் கட்டாத தோணி மாதிரி நாக்கு போகிற பக்கமெல்லாம் போகும்.

அதனால்தான் அவர் வாயைத் திறந்தால் முதல் வார்த்தைக்கு முன்னால் மேல்செட்டும் கீழ்ச்செட்டும் ஒன்றோடொன்று இடித்து ஒரு சத்தம் வரும்.

டக்.

தென்காசி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தார் அவர். கடைசிப் பத்து வருஷம் மைக்கில் அந்த டக்கும் சேர்ந்தே ஒலிபரப்பாயிற்று. "டக். செங்கோட்டை, புளியரை, கொல்லம் வண்டி புறப்படத் தயாராக உள்ளது." கண்டக்டர்கள் அவருக்கு 'டக்கு அண்ணாச்சி' என்று பெயர் வைத்தார்கள். வீட்டில் சண்முகசுந்தரி, "பல்லு மொதல்ல நடை ஏறி வருது, ஆளு பின்னால வாரீய" என்று சிரிப்பாள். அவரும் சிரிப்பார். உள்ளுக்குள் கூசும். இந்தச் சத்தம் இல்லாத வாய் ஒன்று கிடைக்காதா என்று இருபத்துநாலு வருஷமும் நினைத்தார்.

நினைத்தது நடக்கிற மாதிரி ஒரு கட்டடம் வந்திருந்தது.

இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவில் மூன்று மாடி. 'தென்சாரல் பல், தாடை மற்றும் புன்னகை மாநிறுவனம்.' வாசலில் பனை உயரத்துக்கு ஒரு தட்டி: 'எலும்பு தேயலாம், சிரிப்பு தேயலாமா?' எழுபது வயது தாண்டி, வெகுகாலம் பல்செட் போட்டு, தாடை எலும்பு கரைந்தவர்களுக்கு 'மீண்டும் முத்து' என்ற திட்டம். முழுக்க இலவசம். எலும்பிலேயே திருகாணி வைத்து, விழாத பல், ஆடாத பல், கழற்ற வேண்டாத பல்.

ஆவுடைநாயகம் பக்கத்து வீட்டு முத்துவடிவிடம் மனைவியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாளே டவுன் பஸ் ஏறினார்.

வாசலில் வாட்ச்மேனுக்குப் பதில் ஒரு இயந்திரம் நின்றது. முகத்தைக் காட்டச் சொன்னது. காட்டினார். 'முகம் பதிவாயிற்று. இனி நீங்கள் எங்கள் குடும்பம்' என்றது. உள்ளே 'நோயாளர் அனுபவ மேலாளர்' என்ற பலகைக்குப் பின்னால் நாகராஜன் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, முகத்தில் நிறுவனம் கொடுத்த சிரிப்பு.

கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு பல் படம் வந்தது. எந்தப் பல்லில் கோளாறு என்று தொட்டுக் காட்டச் சொன்னார். எல்லாமே இல்லையே என்றார் ஆவுடைநாயகம். நாகராஜன் பொறுமையாகத் திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கே முப்பத்திரண்டு பல்லும் வெள்ளை வெளேரென்று இருந்தன. இல்லை என்று சொல்ல ஒரு இடமும் இல்லை.

"இல்லாத பல்லுக்கு சிஸ்டத்துல எடமில்ல சார். இருக்குத பல்லு ஒண்ணைச் சொல்லுங்க, ஃபைல் தொறந்துரும். பெறகு அது இல்லைன்னு நாமளே நிரூபிச்சுக்கிடலாம்."

ஆவுடைநாயகம் யோசித்து, இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைத் தொட்டார். முதலில் போனது அதுதான். கல்யாணமான புதிதில், சிவகிரி மாமனார் வீட்டில், சீடையைக் கடித்துப் போனது. சீடை செய்தவள் அதை ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஃபைல் திறந்தது. அடுத்த வாரம் 'பல் இன்மை உறுதிக் குழு' கூடியது. ஐந்து டாக்டர்கள் வரிசையாக வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தார்கள். நாலு பேர் பல் இல்லை என்றார்கள். ஐந்தாமவர் தனக்கு இன்னொருவர் கருத்தும் வேண்டும் என்றார். முதலாமவர் மறுபடி பார்த்தார். பதினோராம் நாள் அறிக்கை வந்தது: 'குறிப்பிட்ட பல் தற்சமயம் இல்லை என இக்குழு ஒருமனதாகக் கருதுகிறது. மீதமுள்ள முப்பத்தொரு பற்கள் குறித்து இக்குழுவிடம் கேட்கப்படவில்லை.'

அதற்குள் கீழ்ச்செட் இன்னும் மூன்று தடவை சோற்றில் விழுந்துவிட்டது.

தரைத்தளத்தில் டாக்டர் சஃப்ரின் இருந்தாள். வடகரைக்காரப் பெண், படித்து முடித்து இரண்டு வருஷம்தான். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டடத்தில் யாரும் செய்யாத ஒரு காரியம் செய்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள்.

அவர் சொன்னார். மனைவிக்குச் சோறு ஊட்ட வேண்டும். ஊட்டும்போது பேச்சுக் கொடுத்தால்தான் வாங்குவாள். பேசும்போது பல் விழக்கூடாது. வேறு ஒன்றும் வேண்டாம்.

சஃப்ரின் ஸ்கேனைக் காட்டி விளக்கினாள். கீழ்த் தாடை சில இடத்தில் பென்சில் கனம்தான் மிச்சம். நரம்பு மேலாக வந்துவிட்டது, அதனால்தான் மெல்லும்போது சுரீரென்று வலிக்கிறது. வழி நாலைந்து உண்டு. முன்பக்கம் இரண்டு சின்னத் திருகாணி வைத்து, சட்டைப் பொத்தான் மாதிரி செட்டை அமுக்கி மாட்டலாம். இடுப்பு எலும்பில் கொஞ்சம் எடுத்துத் தாடையில் ஒட்டு வைத்து, அது ஊறிய பிறகு நாலு திருகாணி இறக்கலாம். மேலே எலும்பே இல்லாவிட்டால் கன்னத்து எலும்பு வரைக்கும் நீளத் திருகாணி உண்டு. இந்த வயதுக்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆபத்தும் உண்டு.

"என்னையக் கேட்டா, மொதல்ல ஒங்க பழைய செட்டுக்கு அடியில மெத்துனு ஒரு பூச்சு வச்சுப் பாப்போம் ஐயா. ரெண்டு மணி நேர வேலை. மத்தியானம் போயி அம்மாவுக்குச் சோறு ஊட்டிரலாம்."

சரி என்றார் ஆவுடைநாயகம். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தரைத்தளத்துக்கு மேலே இன்னும் மூன்று மாடி இருந்தது.

மூன்றாம் மாடியில் 'சிகிச்சைத் தேர்வு மாநாடு' நடந்தது. நடுவில் இயக்குநர் டாக்டர் ஹரிநாராயணன். சஃப்ரின் கடைசி நாற்காலி. ஆவுடைநாயகத்துக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். அவர் ஸ்கேன் படத்துக்குப் பக்கத்தில் நின்றார், படத்தின் சொந்தக்காரர் என்ற முறையில்.

மெத்துப் பூச்சு என்றதும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"பூச்சு வேணாம்னு நான் சொல்ல மாட்டேன் டாக்டர். நல்ல வைத்தியம்தான். ஆனா அதுக்கு ஃபோட்டோ கிடையாது. செட்டுக்கு அடியில பூசுனதை யார் பார்க்கப்போறாங்க? இவரைச் சாப்பிட வைக்க இந்த மாநிறுவனம் தேவையில்லை. ஒரு மிக்ஸி போதும். நாம இங்க இருக்கறது இவரைச் சிரிக்க வைக்க."

பிறகு ஆவுடைநாயகத்தின் பக்கம் திரும்பி, தயங்காமல் ஆசையைச் சொல்லுங்கள் என்றார். அவர் மறுபடியும் சொன்னார், சோறு, பேச்சு, விழக்கூடாது. நாகராஜன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: 'நோயாளியின் எதிர்பார்ப்பு: தன்னம்பிக்கை மிக்க அகலமான புன்னகை.'

முடிவு ஏழு நிமிஷத்தில் வந்தது. மேலே கன்னத்து எலும்பு வரை திருகாணி. கீழே இடுப்பு எலும்பு ஒட்டு, அதன்மேல் நாலு திருகாணி. குற்றாலத்தில் ஆடிச் சாரல் கூட்டம் நிறையும்போது மாநிறுவனத்துக்கு ஆண்டு விழா. அதற்குள் பல் தயாராகிவிடும். ஆவுடைநாயகம்தான் 'மீண்டும் முத்து' திட்டத்தின் முதல் முகம். முதல் முகத்தைத் தேடி ஒன்றரை வருஷம் ஆயிற்று என்றும், மற்றவர்களுக்கெல்லாம் போதுமான அளவுக்கு எலும்பு கரையவில்லை என்றும் இயக்குநர் சொன்னார்.

கீழே இறங்கும்போது நாகராஜன் ஒரு தட்டை நீட்டினார். பழைய செட்டை ஒப்படைக்க வேண்டும். ஒரு வாய்க்கு ஒரு செட் என்பது விதி. புதுச் செட்டுக்கு ஃபைல் போட்ட பிறகு பழைய செட் வாயில் இருந்தால் இரண்டு செட் கணக்காகிவிடும்.

அதுவரைக்கும் தற்காலிகமாக ஒன்று கொடுக்கக் கூடாதா என்று சஃப்ரின் மாடிப்படியிலேயே நின்று இயக்குநரிடம் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு ரகசியத்தைப் பகிர்கிற மாதிரி, இடையில் ஒரு பல் கொடுத்துவிட்டால் 'முன்' படத்துக்கும் 'பின்' படத்துக்கும் வித்தியாசம் குறைந்துவிடும் என்றார்.

ஆவுடைநாயகம் வாழ்நாளெல்லாம் நேர அட்டவணைக்குக் கட்டுப்பட்டவர். விதி என்றால் விதி. கழற்றித் தட்டில் வைத்தார். ரசீது கொடுத்தார்கள்: 'பெறப்பட்டது, மேல் ஒன்று, கீழ் ஒன்று. நிலை: பயன்படுத்தப்பட்டது.'

வீட்டுக்குள் அவர் நுழைந்து, "சுந்தரி" என்றார். பல் இல்லாத வாயிலிருந்து அது 'ஹுந்தஹி' என்று காற்றாக வந்தது.

சண்முகசுந்தரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "முத்துவடிவு, யாரோ பெரியவுக வந்திருக்காவ. அவிய வீட்டுல இல்லன்னு சொல்லு. வந்தபெறகு வரச் சொல்லு."

முத்துவடிவு அவரை மேலும் கீழும் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்ளே போய், மூக்கும் முகவாயும் கிட்டக் கிட்ட வந்து, ஒரே நாளில் பத்து வயது ஏறியிருந்தது. "இது என்ன கூத்து அண்ணாச்சி. பல்லு வைக்கப் போனா, இருந்த பல்லையும் புடுங்கிட்டா அனுப்புவானுவ?"

அன்று மதியம் சுந்தரி முத்துவடிவு கையால் இரண்டு வாய் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு, அவிய சாப்பிட்டாவளா என்று கேட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஆவுடைநாயகம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் செட்டைத் திரும்ப வாங்கப் போனார்.

வாசல் இயந்திரம் முகத்தைப் பார்த்தது. 'முகம் பொருந்தவில்லை' என்றது. இன்னொரு தடவை காட்டினார். 'முகம் பொருந்தவில்லை. குடும்பத்தினர் மட்டும் உள்ளே வரலாம்.' நாகராஜன்தான் வெளியே வந்தார். அவருக்கு ஆளைத் தெரிந்தது. ஆனால் அவர் பார்த்துத் தெரிந்தால் செல்லாது, இயந்திரம் பார்த்துத் தெரிய வேண்டும்.

"ஒங்க பல்லை ஒங்களுக்குத் தரணும்னா, நீங்கதான் நீங்கன்னு மெஷின் சொல்லணும் சார்."

"ஹொல்லாதே, பல்லு இல்லியே."

"அதான் சார். அதுக்குப் பல்லைப் போட்டுக்கிட்டு வாங்க."

இதைச் சொல்லும்போது நாகராஜன் சிரிக்கவில்லை. தீர்வு சொல்லிவிட்ட நிம்மதிதான் அவர் முகத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு வழியாக ஆவுடைநாயகம் உள்ளே பார்த்தார். வரவேற்பறை நடுவில் விளக்கு போட்ட கண்ணாடிப் பெட்டி. சிவப்பு வெல்வெட். அதன்மேல் அவருடைய செட். பக்கத்தில் அட்டை: 'முன்'. அதற்கு அடுத்து காலியான இன்னொரு வெல்வெட். அட்டை: 'பின்'.

அப்புறம் நடந்ததெல்லாம் நடந்தது. இடுப்பில் வெட்டினார்கள். ஆறு வாரம் நொண்டினார். முகவாய் மரத்துப் போய், கஞ்சி வழிந்தால் தெரியாமல் சட்டை நனைந்தது. ஆண்டு விழாவுக்கு ஃபோட்டோ எடுக்க வாரம் ஒருமுறை ஆள் வந்து, சோகமாகப் பார்க்கச் சொல்லிக் கேட்டார். சிரமம் இருக்கவில்லை. பல் இல்லாமல் எத்தனை மில்லிமீட்டர் சிரிக்க முடிகிறது என்று மாதம் ஒருமுறை அளந்தார்கள். 'பூஜ்யம். மிகவும் திருப்திகரம்' என்று குறித்தார்கள்.

வீட்டில் முத்துவடிவு சுந்தரியின் ரவிக்கையை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாள். மாசியில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை. ஆனியில் மூன்றாவது தடவை பிடிக்கத் துணி இல்லை. புதிதாகச் சின்னதாக ஒன்று தைத்தாள். ஆவுடைநாயகம் ஒவ்வொரு நாளும் வாசற்படி ஓரம் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தார். பல் வந்துவிட்டால் பேச்சு வந்துவிடும். பேச்சு வந்துவிட்டால் அவிய வந்துவிடுவாவ. அவிய வந்துவிட்டால் அவள் சாப்பிடுவாள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று இருபத்தைந்து வருஷம் ஊருக்குச் சொன்ன மனிதர், இந்த ஒரு பஸ்ஸுக்காகக் காத்திருந்தார். ராத்திரி படுத்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள், அவிய இன்னும் டூட்டி முடிஞ்சு வரலியா என்று கேட்பது காதில் விழும்.

ஆடி வந்தது. பல்லும் வந்தது.

அழகான பல். மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு, கல்லில் அடித்த மாதிரி. ஆடாது, அசையாது. சஃப்ரின் திருகாணியை முடுக்கிவிட்டு, பேசிப் பாருங்கள் என்றாள். அவர், "சுந்தரி" என்றார். கணீரென்று வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும்.

ஆண்டு விழாவுக்குச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. பந்தல், நாற்காலி, அருவியில் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்த கூட்டம். டாக்டர் ஹரிநாராயணன் மைக் பிடித்தார்.

"இந்தப் பெரியவர் எங்ககிட்ட வரும்போது பேசினா ஒரு சத்தம் வரும். பேச்சுக்கு முன்னாடி பல் பேசும். அவமானம். இருபத்துநாலு வருஷ அவமானம். அவர் மனைவி பாவம், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எப்படித்தான் சகிச்சாங்களோ. இன்னைக்கு நாம அந்த அம்மாவுக்கும் சேர்த்து விடுதலை வாங்கித் தந்திருக்கோம். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. இதோ, இந்தச் சிரிப்பைப் பாருங்க. ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர்."

மைக்கை ஆவுடைநாயகத்தின் வாய்க்குப் பக்கத்தில் வைத்தார். பழைய அறிவிப்பு ஒன்று சொல்லச் சொன்னார். ஆவுடைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "செங்கோட்டை, புளியரை, கொல்லம் வண்டி புறப்படத் தயாராக உள்ளது" என்றார். ஒரு பிசிறு இல்லை. கூட்டம் கை தட்டியது. கண்ணாடிப் பெட்டியில் 'பின்' என்ற அட்டைக்கு மேலே அவருடைய சிரிக்கிற படத்தை வைத்தார்கள். பக்கத்தில் 'முன்' அப்படியே இருந்தது.

இறங்கி வரும்போது பழைய கண்டக்டர் தாணு கையைப் பிடித்தார். "அண்ணாச்சி, கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டேன். வேற யாரோ பேசுத மாதிரில்லா இருக்கு." ஆவுடைநாயகம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ரோட்டோரக் கடையில் ரம்புட்டான் பழம் வாங்கினார். அவளுக்குப் பிடிக்கும். ஆட்டோ பிடித்தார். மதியச் சோற்று நேரத்துக்குப் போய்விட வேண்டும்.

சுந்தரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முத்துவடிவு தட்டோடு பக்கத்தில். ஆவுடைநாயகம் தட்டை வாங்கிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆறு மாதமாகச் சேர்த்து வைத்த குரலில் கூப்பிட்டார்.

"சுந்தரி."

அவள் முகம் திரும்பியது. மரியாதையாகச் சிரித்தாள். "வாங்க. யாருன்னு தெரியல்லியே."

"நான்தாம்மா. நான் வந்துட்டேன்."

"நல்லாப் பேசுதீய. ரேடியோக்காரவுகளா?"

"சுந்தரி, நான்தான். ஒன் வீட்டுக்காரன்."

அவள் முகத்தில் சிரிப்பு போய், ஒரு சின்னக் கோபம் வந்தது. பரிச்சயமில்லாத ஆண்பிள்ளை எல்லை தாண்டிப் பேசினால் வருகிற கோபம். "அப்படிச் சொல்லாதீய. அவிய இப்படி வழவழன்னு பேச மாட்டாவ. அவிய வந்தா மொதல்ல டக்குனு ஒரு சத்தம் கேக்கும். பெறகுதான் பேச்சு. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது தெரியும்."

முத்துவடிவு தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆவுடைநாயகம் சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வாயில் இருபத்துநாலு பல்லும் அசையாமல் இருந்தன.

நாக்கை மேலண்ணத்தில் தட்டிப் பார்த்தார். பல்லி கத்துகிற மாதிரி வந்தது. கரண்டியால் தம்ளரைத் தட்டினார். யார் அது பாத்திரத்தை உருட்டுறது என்றாள். பல்லோடு பல்லைக் கடித்துப் பார்த்தார். அதுவும் ஒரு சத்தம்தான், அவள் திரும்பவில்லை. இருபத்துநாலு வருஷமாக எந்தச் சத்தத்துக்கு அவர் கூசினாரோ, அது வாயில் வரவில்லை.

மறுநாள் காலை மாநிறுவனத்தில் நின்றார். இயந்திரம் பார்த்தது. 'புதிய முகம். பதிவு செய்யவும்' என்றது.

பழைய செட் வேண்டும் என்றார். நாகராஜன் புகார்ப் படிவத்தைத் திறந்து தேடினார். பல் வலிக்கிறது, ஆடுகிறது, சத்தம் வருகிறது என்று வரிசையாக இடம் இருந்தது. "சத்தம் வரல்லங்கதுக்கு எடமில்ல சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல." இயக்குநர் மாடிப்படியில் இறங்கி வந்தவர், நின்று காது கொடுத்துக் கேட்டார். உண்மையிலேயே மனம் இளகிய மாதிரி இருந்தது. கடைசியில், முன் போய்விட்டால் பின் தனியாக நிற்கும், தனியாக நிற்கிற பின்னுக்கு அர்த்தமே கிடையாது என்று சொல்லி, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் சுந்தரி சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்தாள். ரம்புட்டான் கறுத்துப் போயிற்று.

மூன்றாம் நாள் மதியம், தூறலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு சஃப்ரின் வந்தாள். கைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடிப் பெட்டியில் காலேஜ் பிள்ளைகள் செய்து பழகிய செட் ஒன்றை மாற்றி வைத்துவிட்டதாகச் சொன்னாள். மாட்டிக்கொள்ளவா என்று கேட்க நினைத்த அவரைப் பார்த்து, அது இனி இந்த வாய்க்குள் போகாது என்று தலையை ஆட்டினாள்.

"தெரிஞ்சுட்டா ஒனக்கு வேலை போயிருமே தாயி."

"தெரியாது ஐயா. அங்கன யாரும் பல்லைப் பாக்கதில்ல. அட்டையைத்தான் பாக்காவ."

அவள் போன பிறகு ஆவுடைநாயகம் தயிர்சாதம் பிசைந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். பழைய செட்டின் மேலும் கீழும் இடது கையில். விரலுக்குள் அடங்கிவிட்டது, இவ்வளவு சின்னதா என்று இருந்தது. ஒரு தடவை இடித்தார்.

டக்.

சண்முகசுந்தரியின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண் தெரியாத முகம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ஆறு மாதமாக யாருக்கும் காட்டாத முகம்.

"வந்துட்டீயளா. எத்தனை நேரமாட்டு இருக்கேன். டூட்டி முடியலியா?"

பேசப் பயந்தார். டக் என்று ஒருமுறை இடித்துவிட்டு, மெல்ல, "இப்பதான் முடிஞ்சுது" என்றார். டக்குக்குப் பின்னால் வந்ததால் அந்தக் குரலை அவள் ஏற்றுக்கொண்டாள். வாயைத் திறந்தாள். வலது கையால் ஊட்டினார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று வாய். நாலாவது வாயை மெல்லும்போது அவள் பாதியில் நிறுத்தி, ரகசியம் சொல்கிறவள் மாதிரி குனிந்தாள்.

"நீங்க இல்லாதப்ப ஒரு ஆளு வந்து வந்து போவாரு. நல்லாப் பேசுதாரு. நான்தான் ஒன் வீட்டுக்காரன்னு சொல்லுதாரு."

ஆவுடைநாயகத்தின் கை தட்டிலேயே நின்றது.

"நான் கோவமாப் பேசிட்டேன். மனசுக்குக் கஷ்டமா இருக்கு. பாவம், அவருக்கு யாருமில்ல போல. அடுத்தவாட்டி வந்தா, அந்த மனுசனுக்கும் ஒரு வாய் சோறு போடுங்க. என்ன?"

அவர் வாயில் ஒரு பல்லும் அசையவில்லை. இடது கைதான் அவளுக்குப் பதில் சொன்னது.

டக்.